வெட்டி எடுத்த ஒரு வரி

1. மாமியின் கேள்வி

வடபழனியில் ஒரு டப்பிங் தியேட்டரில் வேறொரு படத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். உள்ளே போனைக் கொண்டுபோக மாட்டோம். காலை இடைவேளைக்கு வெளியே வந்து பார்த்தபோது ஒரே எண்ணிலிருந்து பதினோரு அழைப்புகள் வந்திருந்தன. கருங்கலுக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கபாய் மாமியின் எண். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் கொலை செய்யப்பட்ட சுஜி என்ற பெண்ணின் அம்மா அவர். அந்தக் கொலையை வைத்து ஒரு சேனல் எடுத்த கிரைம் சீரிஸில் நான் வேலை செய்திருந்தேன். சீரிஸ் வெளியாகி நான்கு நாள் ஆகியிருந்தது. நான் இன்னும் பார்க்கவில்லை.

திரும்ப அழைத்தேன்.

"மக்களே, ஒரு காரியம் கேப்பேன். மறைக்காம சொல்லணும்."

"சொல்லுங்க மாமி."

"டீவில அந்தப் பய சொன்னத, எட்வின் ஒன்னட்ட சொன்னானா?"

எட்வின் அவருடைய மகன். சுஜியின் அண்ணன்.

"எத மாமி?"

"எனக்க தங்கச்சிய நாந்தான் கொன்னேன்னு."

மாமி தொடர்ந்தார்.

"சத்தம் எட்வினுக்க சத்தம் மாதிரியே இருக்கு. இழுத்து இழுத்து அழுகது அவனுக்க அழுகதான். பெத்தவளுக்குத் தெரியாதா? ஊரெல்லாம் அதத்தான் பேசுது. நீ சும்மா சொல்லு மக்களே. அவன் சொன்னானா இல்லியா?"

அவன் சொன்னான் என்பது உண்மை. என்னிடம்தான் சொன்னான். ஆனால் ஆமாம் என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய் வேறு கிடையாது. முழுவதையும் சொல்லலாம் என்றால், அதை மாமியிடம் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

"நாளைக்கு ஊருக்கு வாறேன் மாமி" என்று மட்டும் சொன்னேன்.

"அப்போ சொல்லிருக்கான்" என்றார் மாமி. போன் துண்டிக்கப்பட்டது.

இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் வேலையால் ஒரு தாய் தன் மகனைக் கொலைகாரனோ என்று சந்தேகப்படும் நிலைமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது இதை வருத்தத்தில் எழுதவில்லை. கோபத்தில்.

2. ஸ்லாங் டீச்சர்

என் பெயர் ஜாய்ஸ். கருங்கல் பக்கத்துப் பெண். டப்பிங் ஆர்டிஸ்டாகத்தான் சென்னைக்கு வந்தேன். கதாநாயகியின் தோழி, பஸ்ஸில் சண்டை போடும் பெண், ஆஸ்பத்திரி நர்ஸ் என்று சின்னச் சின்னக் குரல்கள். ஒருமுறை எங்கள் ஊர்க் கதை ஒன்றில் ஒரு நடிகர் திருநெல்வேலித் தமிழைப் பேசி அதைக் கன்னியாகுமரித் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பொறுக்காமல் திருத்தினேன். அன்று முதல் அதுவே எனக்கு வேலையாகிவிட்டது. டைட்டிலில் 'வட்டார வழக்குப் பயிற்சி' என்று போடுவார்கள். யூனிட்டில் கூப்பிடுவது 'ஸ்லாங் டீச்சர்'.

வேலை இதுதான். சீன் பேப்பரில் இருக்கும் வசனத்தை ஊர்ப் பேச்சுக்கு மாற்றித் தர வேண்டும். நடிகருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஷூட்டிங்கில் மானிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, 'என்னுடைய' என்று வந்தால் 'எனக்க' என்றும், 'பயம்' என்று வந்தால் 'பேடி' என்றும், 'கூப்பிடு' என்று வந்தால் 'விளி' என்றும் திருத்த வேண்டும். கடைசியில் டப்பிங்கில் மீண்டும் ஒருமுறை ஒவ்வொரு லூப்பாகச் சரிபார்க்க வேண்டும். லூப் என்பது ஒரு வசனத்துக்கான சின்னத் துண்டுக் காட்சி. அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பேச வைப்பார்கள். இந்தத் துண்டை மட்டும்தான் நாங்கள் பார்ப்போம். முழு எபிசோடை யாரும் எங்களுக்குப் போட்டுக் காட்ட மாட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலையில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். கதை நடக்கும் ஊருக்குப் போய் அங்கே உள்ளவர்களைப் பேச விட்டு ரெக்கார்ட் செய்து வந்து நடிகர்களுக்குக் கேட்க வைப்பேன். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே நாகர்கோவிலில் பேசுவதும் கருங்கலில் பேசுவதும் வேறு. என் வாயிலிருந்து கேட்பதைவிட அந்தந்த ஊர் மனிதர்களின் வாயிலிருந்து கேட்டால் நடிகருக்குச் சட்டென்று பிடிபடும். இந்த வழக்கத்தைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது.

3. நாற்பது நிமிட ரெக்கார்டிங்

சுஜி மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். இருபத்து நான்கு வயது. ஒரு மழை நாளில் சாயங்காலம் வேலை முடிந்து ஜங்ஷனில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். அங்கிருந்து வீட்டுக்கு ரப்பர் தோட்டத்துக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலை ரப்பர் பால் எடுக்க வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. ஒருவரைக்கூடக் கைது செய்யவில்லை. விசாரணை அதிகாரிகள் மாறினார்கள், ஃபைல் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போனது. அவ்வளவுதான் நடந்தது.

சீரிஸ் எடுப்பதற்கு முன்பே, சேனலுக்காக அதைத் தயாரித்த கம்பெனிக்காரர்கள் மாமியிடம் சம்மதக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பேச்சைப் பதிய நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்க பிள்ளைக்க கேச ஆளுவ மறந்து போச்சு மக்களே. டீவில வந்தா போலீசு அத எடுத்துப் பாக்கும்லா?" அந்த ஒரு நம்பிக்கையில்தான் கையெழுத்துப் போட்டார்.

நான் நாற்காலியில் ரெக்கார்டரை வைத்துவிட்டு, வழக்கம்போல முதலில் என் குரலில் சொன்னேன்: "இது பேச்சு வழக்குக்காக மட்டும் எடுக்கிற ரெக்கார்டிங்." அது இப்போதும் அதில் இருக்கிறது.

முதலில் மாமி பேசினார். பிறகு சாயா போட உள்ளே போனார். எட்வின் எதிரே உட்கார்ந்திருந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன், முப்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வண்டி ஸ்டாண்டில் பேசுவதுபோலப் பேசச் சொன்னேன். சவாரி, டீசல் விலை என்று ஆரம்பித்தவன் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அன்னைக்கு அவ எனக்கு போன் விளிச்சா. மழ பெய்துட்டு நிக்கி. 'அண்ணே, வண்டி கொண்டு வா, தோட்டம் வழி வர எனக்கு பேடியா இருக்கு'ன்னா. எனக்கு கோட்டாறுக்கு ஒரு சவாரி கெடந்து. 'ஏட்டி, நடந்து போ, கால் என்ன தேஞ்சா போவும்'னு சொன்னேன். பொறவு அவ விளிக்கல்ல." அழ ஆரம்பித்தான். "எனக்க தங்கச்சிய நாந்தான் கொன்னேன். நாந்தான் கொன்னேன் அக்கா."

சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அம்மைக்குத் தெரியாது. போலீசுக்குத் தெரியும், அவியட்ட அன்னைக்கே சொன்னேன், நான் மூட்ட எறக்குன கோட்டாறு கடைக்காரரும் சாட்சி சொன்னாரு. அம்மட்ட சொல்லாண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."

அவன் குரலைத் தாழ்த்திய இடத்திலேயே நான் ரெக்கார்டரை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று பல நாள் என்னையே கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு அவ்வளவு அசலாக இருந்தது. ஒரு நடிகனுக்கு இதைவிட நல்ல ரெஃபரன்ஸ் கிடைக்காது என்று என் தொழில் மூளை கணக்குப் போட்டது. எதிரே ஒரு மனிதன் அழுதுகொண்டிருக்கும்போது நான் அவனுடைய ழகரத்தையும் மூச்சையும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

சென்னைக்கு வந்ததும் நாற்பது நிமிட ரெக்கார்டிங்கையும் அப்படியே ஆபீஸுக்கு அனுப்பினேன். ஒரு நொடியைக்கூட வெட்டவில்லை.

4. எட்டாவது டேக்

பத்து நாளில் புது சீன் பேப்பர் வந்தது. சீரிஸில் அண்ணன் வேஷம் போட்ட நவீனுக்கு ஒரு அழுகைக் காட்சி. எட்வின் சொன்னது அப்படியே இருந்தது. போன், மழை, கோட்டாறு சவாரி, 'கால் என்ன தேஞ்சா போவும்', எல்லாம். எட்வினைக் கேட்காமல் எடுத்திருக்கிறார்களே என்று ஒரு உறுத்தல் வந்தது. கூடவே, உண்மையான பேச்சு ஸ்கிரிப்டுக்குள் வந்துவிட்டதே என்ற சந்தோஷமும் வந்தது. சந்தோஷம்தான் ஜெயித்தது. நவீன் கோயம்புத்தூர்க்காரர், நல்ல உழைப்பாளி. இரண்டு நாள் ரெக்கார்டிங்கைக் காதில் மாட்டிக்கொண்டே திரிந்தார். வட்டக்கோட்டைப் பக்கம் செட் போட்டிருந்த வீட்டில் அந்தக் காட்சியை எடுத்தபோது லைட் பிடித்தவர்கள்கூட அழுதார்கள்.

மூன்று மாதம் கழித்து டப்பிங். அந்தக் காட்சிக்கான லூப் வந்தபோது கடைசி வரி மட்டும்தான் இருந்தது. நவீனின் முகம் மட்டும் திரை முழுக்க.

"முன்னாடி போன் பேசினதைச் சொல்ற போர்ஷன் எங்க?" என்று கேட்டேன்.

எழுத்தாளர் பிரணவ் பக்கத்தில் இருந்தார். கதை முழுக்க அவர் பொறுப்பு. "லெங்த் ஜாஸ்தி அக்கா. ட்ரிம் பண்ணிட்டோம்."

"அர்த்தம் மாறிடாதா?"

"சுத்தி இருக்கிற சீன்ஸ் கவர் பண்ணிடும். நீங்க ஸ்லாங் மட்டும் பாருங்க."

நம்பினேன் என்று எழுதினால் அது எனக்கு நானே செய்துகொள்ளும் சலுகை. அடுத்த லூப் காத்திருந்தது, மதியத்துக்குள் முடிக்க வேண்டும், அதனால் விட்டுவிட்டேன் என்பதுதான் சரி.

சவுண்ட் இன்ஜினியர் எட்வினின் குரலை நவீனின் ஹெட்போனில் ஓட விட்டார். நவீன் ஏழு டேக் பேசினார். ஒவ்வொரு முறையும் நான்தான் வேண்டாம் என்றேன். "ரெண்டாவது 'நாந்தான்'ல மூச்சு முதல்ல வரணும் நவீன், வார்த்தை பின்னாடிதான். எட்வின் அப்படித்தான் சொன்னான்." எட்டாவது டேக் சரியாக வந்தது. எட்வினே மைக் முன்னால் நின்றதுபோல இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

5. ஆபீஸில்

மாமியின் போனுக்குப் பிறகு தியேட்டர் வாசலில் நின்றுகொண்டே போனில் கடைசி எபிசோடைப் பார்த்தேன். விசாரணை அதிகாரி கேஸைக் கைவிட்டுக் கிளம்புகிறார். அண்ணன் தனியாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். தன் இரண்டு கைகளையும் பார்க்கிறான். "எனக்க தங்கச்சிய நாந்தான் கொன்னேன். நாந்தான் கொன்னேன்." திரை இருள்கிறது. பெயர்கள் ஓடுகின்றன. அதில் என் பெயரும் ஓடியது.

அங்கிருந்து நேராகக் கம்பெனி ஆபீஸுக்குப் போனேன். டைரக்டரும் பிரணவும் இருந்தார்கள். மேசையில் கேக் வெட்டியிருந்தது.

"வாங்க அக்கா! க்ளைமாக்ஸ் பார்த்தீங்களா? எல்லாரும் அந்த லைனைத்தான் பேசுறாங்க" என்றார் டைரக்டர்.

நான் பிரணவிடம் திரும்பினேன். "இந்தக் கேஸ் ஃபைலை நீ படிச்சியா?"

"முழுசா படிச்சேன் அக்கா. ரெண்டு தடவை."

"கொலை நடந்த நேரத்துல அண்ணன்காரன் கோட்டாறுல மூட்டை இறக்கிட்டு நின்னான், கடைக்காரரே சாட்சி சொல்லியிருக்கார்னு அதுல இருக்கா, இல்லையா?"

பிரணவ் மறைக்கவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி. "இருக்கு. அவரை அப்பவே க்ளியர் பண்ணிட்டாங்க. ஆனா அக்கா, எட்டு எபிசோட் உக்காந்து பார்த்தவனுக்கு யார் பண்ணதுன்னே தெரியலேன்னு முடிச்சா டிவியை உடைப்பான். ஆடியன்ஸுக்கு ஒரு க்ளோஷர் வேணும். அண்ணன்தான்னா யாரும் எதிர்பாக்காத ஷாக்."

"அந்த அம்மாவுக்கு ஒன்பது வருஷமா எந்த முடிவும் கிடைக்கல. உன் ஆடியன்ஸால எட்டு எபிசோட்கூடப் பொறுக்க முடியாதா?"

"டென்ஷன் ஆகாதீங்க அக்கா" என்று டைரக்டர் குறுக்கே வந்தார். "பேரு மாத்தியிருக்கோம். ஊரு பேரு மாத்தியிருக்கோம். லேப் டெக்னீஷியனை நர்ஸ் ஆக்கியிருக்கோம். எல்லாம் கற்பனைன்னு கார்டு போட்டிருக்கோம். லீகல் க்ளியர்."

"விளம்பரத்துல உண்மைச் சம்பவம்னு போட்டீங்க. கார்டுல கற்பனைன்னு போட்டீங்க. அந்த ஆட்டோக்காரனுக்கு ரெண்டுல எது?"

அவர் சிரித்தார். "ஊர்ல பேசுறாங்கன்னா நாம ரீச் ஆயிருக்கோம்னு அர்த்தம்."

நான் கத்தினேன். அடுத்த அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு ஆணின் வாழ்க்கை, ஒரு செத்த பெண்ணின் மானம், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு தாயின் நம்பிக்கை என்று என்னென்னவோ சொன்னேன். டைரக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ரெக்கார்டிங்கை எங்களுக்கு அனுப்பினது நீங்கதானே அக்கா?"

அதற்குப் பதில் ஒன்றுதான். "ஆமா. நான்தான்."

வெளியே வந்து ஊருக்கு டிக்கெட் எடுத்தேன்.

6. வண்டி ஸ்டாண்டில்

ஸ்டாண்டில் எட்வினின் ஆட்டோ கடைசியில் நின்றது. மற்ற வண்டிகள் சவாரி ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு அம்மா பையோடு வந்தார். வரிசைப்படி அது எட்வினின் சவாரி. அவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் நடந்தே போறேன்" என்று போய்விட்டார். ஒன்பது பிள்ளைகளை அவன் தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவான். நான்கு நாளில் ஒன்பது வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். அவனை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று யாரோ மனுக் கொடுத்ததால் திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அந்த மரியாதை என்னைக் கொன்றது. திட்டியிருக்கலாம்.

"நீங்க பேச்சுக்குன்னு தானக்கா சொன்னிய?"

"ஆமா எட்வின்."

"பின்ன?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆபீஸில் பிரணவ் சொன்னதையும் மறைக்கவில்லை. பிறகு, முழு ரெக்கார்டிங் என்னிடம் இருக்கிறது, அதைப் போட்டுக் காட்டினால் உன் மேல் தப்பில்லை என்று ஒரு நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிடும் என்றேன்.

"அம்ம கேப்பாளே."

"கேப்பாங்க."

"அப்போ வேண்டாம்." கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "கொலகாரன்னு நெனச்சிட்டுப் போட்டும். ஊரு என்ன வேணும்னாலும் பேசட்டும். அவ பேடிச்சி விளிச்சா, நான் போவல்லன்னு அம்ம அறியக்கூடாது. ஒன்பது வருசம் நான் இத அடக்கிட்டு நடந்தது அதுக்குத்தான்."

நான் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றும் தோன்றும். ஆனால் அவனுக்குத் தெரியாமல் இருப்பதும் சரியில்லை என்று அந்த நிமிடம் பட்டது.

"எட்வின், நேத்து மாமி எனக்கு போன் பண்ணினாங்க. ஊரு கேக்கல. மாமிதான் கேக்காங்க. எனக்க மகன் அப்படிச் சொன்னானான்னு."

அவன் ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்தான். தன் வண்டியில் பயணி உட்காரும் இடத்தில்.

"அம்மைக்குமா சந்தேகம்?" என்றான்.

பிறகு எழுந்து முன்னால் போய் வண்டியை ஸ்டார்ட் செய்தான். "ஏறுங்க."

7. ஒரு சவாரி

மாமி வீட்டுப் பின்பக்கம் குத்தவைத்துச் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து ரெக்கார்டரை எடுத்தேன். எட்வின் வேண்டாம் என்று கையைக் காட்டினான். அவன் வாயாலேயே சொன்னான். நின்றுகொண்டே, ஒன்றையும் விடாமல், மழை பெய்ததிலிருந்து கடைசிவரை சொன்னான். 'கால் என்ன தேஞ்சா போவும்' என்று தான் சொன்னதையும் சொன்னான்.

மாமியின் கை மீன் சட்டிக்குள் அப்படியே நின்றது.

"பேடியா இருக்குன்னு சொன்னாளா?"

"சொன்னா அம்மா."

"ஒரு சவாரிக்கா மக்கா?"

"ஆமா."

"ஒரு சவாரிக்கா?"

மாமி கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்தார். எங்கள் இருவரையும் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எட்வின் அந்தச் சட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். காகம் வந்து மீனைக் கொத்தியது. அவன் விரட்டவில்லை. நான்தான் எழுந்து மூடி வைத்தேன்.

மதியம் தாண்டிக் கதவு திறந்தது. மாமி என்னிடம்தான் பேசினார். மகன் பக்கம் திரும்பவில்லை.

"அந்த மிசின்ல இருக்கத நான் கேக்கல்ல. எனக்குத் தாங்காது. போலீசு கேக்கட்டும். எனக்க மகன் கொல்லல்லன்னு அவிய எழுதணும். நானும் வருவேன்."

8. ஸ்டேஷன், வக்கீல், பிறகு

திங்கட்கிழமை எட்வினின் ஆட்டோவிலேயே போனோம். இன்ஸ்பெக்டர் புதியவர். ரெக்கார்டிங்கை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுப் பழைய ஃபைலைப் புரட்டினார்.

"இதெல்லாம் கேஸ் டைரியிலேயே இருக்கு. தங்கச்சி போன் பண்ணின விவரம் இருக்கு. கோட்டாறு கடைக்காரர் வாக்குமூலம் இருக்கு. இவர் மேல எப்பவுமே சந்தேகம் கிடையாது."

"பின்ன என்னத்துக்கு விளிச்சிய?" என்று கேட்டார் மாமி.

"மனு வந்தா கூப்பிட்டுத்தாம்மா ஆவணும். டீவியில வந்ததால எல்லாரும் கேக்காங்க."

"ஒன்பது வருசமா நான் கேக்கியனே. அதுக்கு ஆர விளிச்சிய?"

இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். எட்வினின் வாக்குமூலத்தையும் என்னுடையதையும் பதிவு செய்தார். எட்வின் மேல் சந்தேகம் இல்லை என்று மனுவின் மேலேயே எழுதி முடித்து வைத்தார்.

அடுத்து நாகர்கோவிலில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். சேனலுக்கும் கம்பெனிக்கும் நோட்டீஸ் போனது. நவீனிடம் போனில் பேசினேன். அவருக்கும் எடிட்டில் நடந்தது தெரியாது. தான் நடித்தது முழு வசனம் என்றும், எட்வினின் ரெக்கார்டிங்கைக் கேட்டே அதை நடித்ததாகவும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். நவீன் அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் வேலை செய்யவில்லை.

ஒன்றரை மாதம் இழுத்தடித்துவிட்டு, கடைசி எபிசோடிலிருந்து அந்த வரியை எடுத்தார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. எடுத்தோம் என்று அறிவிக்கவும் இல்லை. ஆனால் அது ஏற்கெனவே எல்லார் போனிலும் போய்விட்டது. அந்தச் சத்தத்தை வைத்து வாயசைத்து, கண்ணீரைத் துடைப்பதுபோல நடித்துச் சிரிக்கும் வீடியோக்களை நான் பார்த்தேன். கல்லூரிப் பெண்கள், புதுமாப்பிள்ளைகள், ஒரு டீக்கடைக்காரர். அவர்கள் யாருக்கும் அது ஒரு உண்மையான மனிதனின் அழுகை என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளில் ஐந்து பேர் எட்வினின் வண்டிக்குத் திரும்ப வந்தார்கள். நான்கு பேர் வரவில்லை. மாமி பல வாரம் அவனோடு பேசாமல் இருந்தார். போன மாதம் நான் போயிருந்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டு, "சோறு வெளம்பி வச்சிருக்கு" என்றார். எட்வின் வந்து உட்கார்ந்து சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் மீன்குழம்பை அவன் தட்டில் ஊற்றிவிட்டு மாமி எழுந்து போனார். அவர்களுக்குள் இனி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எப்போது சொல்வது, சொல்லாமலேயே இருந்துவிடுவதா என்று முடிவு செய்யும் உரிமை எட்வினுக்கு இருந்தது. அதை நாங்கள் பிடுங்கிக்கொண்டோம். எந்த வக்கீல் நோட்டீஸும் அதைத் திருப்பிக் கொடுக்காது.

என்னையும் அந்தக் கம்பெனி பிறகு கூப்பிடவில்லை. 'பிரச்சனை பண்ற அம்மா' என்று வேறு இரண்டு இடங்களிலும் சொல்லியிருக்கிறார்கள். சொல்லட்டும். பிரச்சனை செய்ய வேண்டிய நாளில், அந்த டப்பிங் தியேட்டரில், நான் செய்யவில்லை. அந்த நாளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். ஒருவர் குரலைத் தாழ்த்தும்போது ரெக்கார்டரை நிறுத்துங்கள். எடுத்ததை அப்படியே அனுப்பாதீர்கள். தேவையான வார்த்தைகளை மட்டும் நீங்களே பேசிப் பதிந்து அனுப்புங்கள். ஒரு வரியை மட்டும் தனியாகக் கொண்டுவந்து பேச வைத்தால், இதற்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன வருகிறது என்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஸ்லாங் மட்டும் பாருங்கள் என்று சொன்னால் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். வேலை போகும். போகட்டும்.

சுஜியைக் கொன்றவன் பிடிபடவில்லை. எங்கோ உயிரோடுதான் இருப்பான். அவனும் அந்தத் தொடரைப் பார்த்திருப்பான். எட்டு எபிசோடும் பயந்து பயந்து பார்த்து, கடைசியில் வேறொருவன் அழுது ஒப்புக்கொண்டதைக் கேட்டதும் நிம்மதியாக டீவியை அணைத்திருப்பான். அந்த நிம்மதியை அவனுக்கு எட்டு டேக் எடுத்துத் திருத்தமாகச் செய்து கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.